தைராய்டு மாத்திரையும் விடிகாலை டீயும்

எங்கள் வீட்டில் டீ சாப்பாட்டுக் கணக்கில் சேராது. குன்னூர் கடைவீதியில் இரண்டு தலைமுறையாக டீத்தூள் விற்கிற குடும்பம். கிருத்திகை விரதமானாலும் டீ உண்டு, அமாவாசை விரதமானாலும் டீ உண்டு. ஒரு முறை சர்க்கரை பார்ப்பதற்காக என் மாமியாரை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுப் போய், ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் "பச்சத்தண்ணி பல்லுல படலீங்க" என்றார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை, அதுதான் கொடுமை.

நான் மேட்டுப்பாளையத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் குளித்துவிட்டு வந்தால்தான் காபி. கல்யாணமாகி மலைக்கு வந்த மறுநாள் காலையில், பல் விளக்கிய ஈரம் காய்வதற்குள் மாமியார் கையில் டம்ளரைத் திணித்தார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இந்த ஊர்க் குளிரில் அது உள்ளே போகாமல் கை கால் அசையாது. ஒரு தேயிலை புரோக்கர் அலுவலகத்தில் ஏலத்துக்கு வரும் சரக்கைக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை கிடைத்தது. அங்கேயும் டீ. குன்னூரில் இரண்டு வகை ஆட்கள்தான்: டீ குடித்துவிட்டவர்கள், டீ குடிக்கப் போகிறவர்கள்.

கல்யாணமான மூன்றாவது வருஷம் வியாதி வந்தது. காலையில் கீபோர்டில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். பிறகு நீலமாகும், பிறகு சிவந்து எரியும். குளிர் என்றார்கள். மணிக்கட்டு வீங்கியது. அதுவும் குளிர். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்பாகப் படர்ந்தது. பனி அடித்த கன்னம் என்று அலுவலகத்தில் ஒருத்தி அழகாகப் பெயர் வைத்தாள். இந்த மலையில் ஒருவன் செத்துப் போனாலும் முதலில் குளிர் என்றுதான் சொல்வார்கள், அப்புறம்தான் நாடி பார்ப்பார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் மூட்டு வியாதிகளுக்கான டாக்டர் ஒருவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு லூபஸ் என்றார்.

லூபஸ் என்றால் என்ன என்று அவர் ஒரு கதை சொன்னார். வீட்டுக் காவலாளிக்குப் பைத்தியம் பிடித்து வீட்டுக்காரரையே அடிக்கிறானாம். அதற்கப்புறம் நான் பார்த்த எல்லா டாக்டர்களும் அதே காவலாளியைத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வேறு கதையே கிடைக்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்கு முன்னாலேயே இது இருந்ததா? இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் கடைக்கு வந்த வாடிக்கைக்காரப் பெண்ணிடம், கல்லாவில் உட்கார்ந்தபடி, நயம் தூளைக் காட்டிவிட்டு நமக்குக் கழிவுத் தூளை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாராம். அந்தப் பெண் டீத்தூளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வாங்காமலே போய்விட்டாள். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னவர் என் கணவர். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

மாத்திரைகளால் லூபஸ் ஒருவிதமாக அடங்கியது. அதற்குள் வேறொன்று ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவள் மாதிரி உடம்பு. முகம் உப்பியது. தலையைச் சீவினால் சீப்போடு முடி வந்தது. குரல் கட்டைக் குரலாகி, போனில் பேசினால் எதிரில் இருப்பவர் "சொல்லுங்க சார்" என்றார். மதியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினேன். லூபஸ்தான் என்றார் கணவர். ஸ்டீராய்டு மாத்திரை உப்ப வைக்கும் என்றாள் அலுவலகத் தோழி. சோம்பேறித்தனம் என்றார் மாமியார். ஆளுக்கொரு காரணம் கையில் இருந்ததால் வருஷம் ஒன்று சும்மா போனது.

கோயம்புத்தூர் டாக்டர் ஒரு நாள் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொல்லி, ஒரு சோதனை எழுதினார். தைராய்டு. அதையும் அதே காவலாளிதான் அடித்துக்கொண்டிருந்தான். லூபஸ் மாதிரி, உடம்பு தன்னையே தின்கிற வியாதி ஒன்று வந்தவர்களுக்குத் தைராய்டிலும் அதே கூத்து நடப்பது மற்றவர்களைவிட அதிகம், அதனால் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்படியானால் இத்தனை வருஷமாக நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். வெளியே எவ்வளவு கூட்டம் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என்னை மாதிரி முகம் உப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றுதான் அவரிடம் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். எனக்கு முப்பத்து மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. எனக்குக் குழந்தை வேண்டும். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் தோளில் சாய்ந்து என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுகிற குழந்தையைப் பார்த்தால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக்கூடத் தவறவிடுவேன். டாக்டர் இரண்டு நிபந்தனை சொன்னார். லூபஸ் ஆறு மாதமாவது அடங்கி இருக்க வேண்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்று ஒரு எண் உண்டு, அது ஏறிக் கிடக்கிறது, அது இறங்க வேண்டும். அதுவரை கருத்தரிக்கக் கூடாது, அப்படி ஆனால் தங்குவதும் சந்தேகம், தங்கினாலும் ஆபத்து. தைராய்டு மாத்திரையைத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்னார். வெறும் வயிற்றில்தானே, சரி என்று நானும் மாமியாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

வெறும் வயிற்றில்தான் போட்டேன். எழுந்து, பல் விளக்கி, மாமியார் கொடுக்கிற டீயில் ஒரு மிடறு, மாத்திரை, மறுபடி ஒரு மிடறு. இட்லி, தோசை என்று ஒன்றும் உள்ளே போவதற்கு முன்னால். எண் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படியே நின்றது. இன்னும் கூட்டினார். அசையவில்லை. லூபஸ் ஒரு பக்கம் சமர்த்தாக அடங்கிக் கிடந்தது. தைராய்டுதான் வழி மறித்துக்கொண்டு நின்றது.

மாமியாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நேராக என்னிடம் கேட்டிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் கோயம்புத்தூருக்குக் கூடவே வந்து, டாக்டர் எதிரில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, இவள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதாகத் தெரியவில்லை என்றார். வேலையை விட மனசில்லை, குழந்தை வந்துவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டுமே, அதனால் மாத்திரையை எறிந்துவிடுகிறாள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர், அப்படியானால் இனி நீங்களே கொடுங்கள் அம்மா என்றார். என் மாத்திரை டப்பா அன்று சாயங்காலமே மாமியாரின் சமையலறை அலமாரிக்கு இடம் மாறியது.

மறுநாள் காலையில் அவர் ஒரு கையில் டீயும் ஒரு கையில் மாத்திரையுமாக வந்து நின்றார். தைராய்டு மாத்திரை மட்டும் இல்லை. ராத்திரி போட வேண்டிய கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார், ராத்திரி கடையிலிருந்து வந்து காவல் காக்க அவரால் முடியாதாம். எல்லாவற்றையும் டீயோடு விழுங்கினேன்.

"வாயத் தொற அம்மிணி. நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம் காட்டு."

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும். முப்பது வயதைத் தாண்டியவள், மாதச் சம்பளம் வாங்குகிறவள், சமையலறை பல்பின் கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். சில நாள் அவர் கன்னத்தை விரலால் இழுத்தும் பார்த்தார். கை டீத்தூள் வாசனை அடிக்கும். என் கணவர் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் அவரைப் பார்த்தபோது, அம்மா ஒரு நல்லதுக்குத்தானே செய்கிறார்கள் என்றார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்படி ஒரு மாத்திரை தவறாமல் உள்ளே போன பிறகு சோதித்தால், எண் முன்னைவிட ஏறியிருந்தது. மாமியார் அசரவில்லை. விழுங்கிவிட்டுப் போய் வாந்தி எடுக்கிறாள் என்றார். அதிலிருந்து மாத்திரை போட்டபின் அரை மணி நேரம் நான் பாத்ரூம் போகக் கூடாது என்று ஒரு சட்டம். அவசரம் என்றால் கதவைச் சாத்தக் கூடாது. கதவுக்கு வெளியே அவர் நின்று, உள்ளே என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுப்பார். லூபஸ் எனக்குக் கொடுத்த வலிகள் எத்தனையோ உண்டு. எந்த வலியும் என்னை அப்படிக் கூசிப் போக வைத்ததில்லை. அந்தக் கதவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறுகிறது.

டாக்டரும் கடைசியில் மாமியார் பக்கமே சாய்ந்தார். இந்த அளவு மாத்திரை போட்டும் எண் இறங்கவில்லை என்றால் ஒன்று குடல் அதை எடுத்துக்கொள்ளவில்லை, இல்லை ஆள் போடவில்லை என்று என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறதாம். வாரம் ஒரு நாள், ஏழு நாள் மாத்திரையையும் ஒரே தடவையாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். இதயம் தாங்குமா என்று பார்த்துவிட்டு, குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் அங்கே போவேன். முதல் நாளே அந்த நர்ஸ், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் கூடாது, டீ காபி எதுவும் தொடாமல் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் சாதாரணமாகச் சொல்கிற பேச்சுதான் அது. மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, நான் விழுங்கியதும் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு மணி நேரம் அவள் போனைப் பார்ப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். ஒரு தடவைகூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அதற்கே அவளுக்குக் கோவில் கட்டலாம் போலிருந்தது.

சில வாரங்களில் உடம்பு எனக்கே சொல்லிவிட்டது. போர்வைக்குள் பாதம் சூடானது. குரல் திரும்பியது. மதியத் தூக்கம் போனது. அப்புறம் சோதனை. எண் இறங்கிவிட்டது, அதுவும் நன்றாகவே இறங்கிவிட்டது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை ஏறக்குறைய ஓடினேன். மடத்தனம். வீட்டில் பாயசம் வைப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

மாமியார் ரிப்போர்ட்டை வாங்கவில்லை. கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்.

"பாத்தியா? நர்சு முன்னால முழுங்குனா எறங்குது. என்ற முன்னால முழுங்குனா ஏறுது. இத்தன நாளும் நம்மள முட்டாளாக்கியிருக்கறா."

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? கடையில் கள்ள நோட்டுக் கொடுத்தவனைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். ஏன் இப்படிப் பண்ணினாய் என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். குடலில் கோளாறு இல்லை என்று நிரூபணமாகிவிட்டது, ஆகவே குற்றவாளி நான். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். இனிமேல் வீட்டிலேயே தினமும் போட்டுக்கொள்ளுங்கள், விளையாடாதீர்கள் என்று புத்திமதி சொல்லி அனுப்பினார்.

விளையாட்டாம். ராத்திரியெல்லாம் அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அதே கம்பெனி மாத்திரை, அதே அட்டை, அதே வாய். அங்கே வேலை செய்கிறது, இங்கே செய்யவில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது. மறுநாள் காலையில் மாமியார் வழக்கம்போல வந்து நின்றார். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் ஆவி பறக்கிற டம்ளர். அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. அங்கே தண்ணீர், இங்கே டீ.

சொன்னேன். டீயோடு போட்டால் பிடிக்காது போலிருக்கிறது அத்தை, தண்ணீரில் போடுகிறேன் என்றேன். அவர் டம்ளரை மேடையில் வைத்தார்.

"டீ மேல பழி போடறயா? இந்த மலையே டீயக் குடிச்சுட்டுத்தான் நிக்குது. உன்ற புருசன் வளந்தது டீயில. நீ திங்கற சோறு டீயில. பண்ணுன திருட்டுத்தனத்துக்கு எங்க பொழப்பையா இழுக்கற?"

கணவர் பேப்பரை மடித்துவிட்டு வந்து, இந்தப் பேச்சை வெளியில் யாரிடமும் பேசிவிடாதே, கடை வைத்து நடத்துகிறோம் என்றார். அவர் கவலை அவருக்கு. அன்றிலிருந்து நான் விடிவதற்கு முன்னால் எழுந்து தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். டப்பா மாமியாரின் அலமாரியில், சாவி அவர் இடுப்பில். அவர் எடுத்துத் தரும்போது டீயோடுதான் தருவார். டீயை மறுத்தால் அது புதிய தந்திரம். எண் மறுபடி ஏறிவிடும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வயது ஏறுகிறது, லூபஸ் எத்தனை நாள் இப்படித் தூங்கும் என்று தெரியாது. இந்த ஒரு வாய்ப்பும் ஒரு டம்ளர் டீயில் போய்விடும் என்று நினைத்தால் அழுகையாக வந்தது.

அந்த நாட்களில்தான் என் கணவரின் சித்தி மகளுக்கு வளைகாப்பு. மண்டபம் நிறையப் பெண்கள். என் முறை வந்தபோது வளையலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மாமியார் என் கையிலிருந்து அதை வாங்கி, பக்கத்தில் இருந்த வேறொருத்தியிடம் கொடுத்தார். ஏன் என்று யாரோ கேட்டார்கள். அவர் குரலைத் தணிக்கவே இல்லை.

"புள்ள வேண்டாம்னு மாத்தரையச் சாக்கடையில போட்டவ கை. புள்ளத்தாச்சி மேல படக்கூடாதுங்க."

 வளைகாப்புப் பெண் தன் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்துத்தான் மூடினாள். நான் சாப்பிடாமல் வெளியே வந்து, வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே என் செருப்பைத் தேடினேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் கணவரிடம் சொன்னேன்: நீங்களும் நானும் மட்டும் கோயம்புத்தூர் போகிறோம், அத்தை வரக் கூடாது. நீங்கள் வரவில்லையென்றால் நான் அப்படியே மேட்டுப்பாளையம் போய்விடுவேன், திரும்ப வர மாட்டேன். நான் அப்படிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வந்தார்.

டாக்டரிடம் காலையில் என்ன நடக்கிறது என்று முதலிலிருந்து சொன்னேன். பல் விளக்குவது, டீ, தைராய்டு மாத்திரை, கால்சியம், மறுபடி டீ. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பால் டீயோடவா? கால்சியமும் சேத்தா? அப்படிப் போட்டா அது ஒழுங்கா உள்ள எறங்காதேம்மா. தண்ணியில போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீ. கால்சியம் ராத்திரின்னு எழுதித்தானே குடுத்தேன்? வெறும் வயித்துலன்னு சொன்னேன், சரிங்கன்னு தலையாட்டுனீங்களே."

ஆட்டினோம். அவரும் அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியானால் என் மனைவி மாத்திரையை எறியவில்லையா என்று என் கணவர் கேட்டார். எறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இது ஒன்றே போதும் என்றார் டாக்டர். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்வார் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார். எழுந்திருக்கும்போது, தண்ணீரில் ஒழுங்காகப் போட்டு இன்னொரு முறை எண் சரியாக வந்துவிட்டால் குழந்தைக்கு முயற்சி செய்யலாம், லூபஸும் அடங்கித்தான் இருக்கிறது என்றார்.

காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து கணவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி எனக்குப் பிடிக்கும் என்று வறுத்த கடலை வாங்கி வந்தார். மலை ஏற ஆரம்பித்து, பர்லியார் தாண்டிய பிறகு, ஜன்னல் கண்ணாடியை எனக்காக மூடிவிட்டுப் பேசினார்.

"அம்மாகிட்ட இதச் சொல்ல வேண்டாம்."

ஏனுங்க என்றேன்.

"அவங்க கையால குடுத்த டீ. தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவாங்க. வயசான காலத்துல அவங்களுக்கு எதுக்கு? டாக்டரு மொறய மாத்திட்டாருன்னு மட்டும் சொல்லிக்கறேன். உனக்கென்ன, எல்லாரும் பேசி முடிச்சுட்டாங்க. நீ தாங்கிக்குவ."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி என்ன, குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த மனுஷனுக்கு உண்மையாகவே சந்தோஷம். நான் திருடி இல்லை என்று தெரிந்தும், திருடியாகவே இரு என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகக் கடலை தின்றுகொண்டு வந்தார்.

  நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மனசுக்குள் மட்டும் ஒன்று தெளிவாக ஓடியது. என் குழந்தை அந்த வீட்டில் பிறக்கும். பேச்சுப் புரிகிற வயதில் அதன் பாட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு, உன்னை வேண்டாம் என்று மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினவள் உங்கம்மா என்று சொல்வார். நிச்சயம் சொல்வார். பக்கத்தில் அதன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். குழந்தை என்னைத் திரும்பிப் பார்க்கும். அங்கிருந்து குன்னூர் வரை கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றிலும் அந்தக் குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்னபடியே அம்மாவிடம் சொன்னார். டாக்டர் முறையை மாற்றிவிட்டார், இனி முதலில் தண்ணீரில், ஒரு மணி நேரம் கழித்து டீ, கால்சியம் ராத்திரி. மாமியார் மறுக்கவில்லை. டாக்டர் சொன்னால் சரி, ஆனால் என் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்றார். அடுத்த சோதனையில் எண் அழகாக வந்து நின்றது. தான் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்ததால்தான் மருமகள் வழிக்கு வந்தாள் என்று அவர் தெருவெல்லாம் சொன்னார். வளைகாப்பு மண்டபத்தில் இருந்த பெண்கள் கடைக்கே வந்து அவரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு ஊட்டிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். லூபஸ் இருக்கிறது, தைராய்டு இருக்கிறது, கருத்தரிக்காமல் இருக்க எனக்கு ஆகிற மாத்திரை வேண்டும் என்றேன். லூபஸ்காரர்களுக்கு எல்லா மாத்திரையும் ஆகாது என்று சொல்லி, என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்து, ஆகிற ஒன்றை எழுதினார். குழந்தை வேண்டாமா என்று கேட்டார். வேண்டும் டாக்டர், ரொம்ப வேண்டும் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், அதற்கு மேல் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் டாக்டர் இன்னொன்று சேர்த்திருக்கிறார் என்று அந்த மாத்திரையை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி டப்பாவில் வைத்துப் பூட்டினார். இப்போது தினமும் காலையில் தைராய்டு மாத்திரையோடு அதையும் அவரே எடுத்துத் தருகிறார். நான் மறந்தால்கூட அவர் மறப்பதில்லை. திருவிழா, சொந்தத்தில் சாவு, அவருக்கே காய்ச்சல், எதுவானாலும் நேரத்துக்கு வந்து நிற்கிறார். அந்த வீட்டை விட்டுப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். போகலாம். போகிற அன்றைக்குப் போவேன். அதுவரை, பிள்ளை வேண்டாம் என்றவள் என்று அவர் என்னைச் சொன்ன சொல் உண்மையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் இருக்கிற இடம் வேறு, அதை அந்த வீட்டில் யாருக்கும் காட்டப் போவதில்லை.

இன்று காலையிலும் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். இரண்டு மாத்திரையும் இறங்கிவிட்டன என்று உறுதி செய்துகொண்டு, என் கன்னத்தை லேசாகத் தட்டினார்.

"இந்த மாசமாச்சும் நல்ல சேதி சொல்லு அம்மிணி" என்றார்.